அப்பாவின் முதுகு

அந்த ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு அவள்மேல் ஒரே ஒரு புகார்தான் உண்டு. ஊசி குத்தியதே தெரியாது, கை அவ்வளவு லேசு. ஆனால் வாய் ஓயாது. "வீட்ல மத்தவங்களையும் ஒரு தடவை சோதிச்சுப் பாத்துடுங்க. அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி, ஒருத்தரையும் விட்டுடாதீங்க" என்று உட்கார்ந்ததும் ஒரு முறை சொல்வாள். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லும்போது இன்னொரு முறை சொல்வாள். முதுகுவலிக்குச் சோதனை செய்ய வந்த ஒரு வங்கி அதிகாரி, "அம்மா, நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை, ஆளை விடுங்க" என்று எழுந்தே விட்டார். அப்போதும் அவள் விடவில்லை. "பெரியப்பா, சித்தப்பா பிள்ளைங்க இருப்பாங்கல்ல?" என்றாளாம்.

இப்படிச் சொல்ல ஆரம்பித்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

ஆய்வகம் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், நடைவழியின் கடைசியில் இருக்கிறது. ஒருவருடைய சிறுநீரகமோ எலும்பு மஜ்ஜையோ இன்னொருவர் உடம்புக்குப் பொருந்துமா என்று பார்க்கும் இடம். இரண்டு குளிர்பெட்டி, ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் ஒன்று, ஒழுகும் ஏ.சி.யின் கீழே ஒரு நீல வாளி. சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். புதிதாகச் சோதனைப் பெட்டி எது வந்தாலும், நோயாளியின் ரத்தத்தில் போடுவதற்கு முன்னால் அங்கே வேலை செய்கிறவர்களின் ரத்தத்தில் போட்டுப் பார்ப்பது அந்த அறையின் வழக்கம். அதனால் அங்கே உள்ள ஒவ்வொருவருடைய திசு வகையும் சுவரில் வரிசை வரிசையாக எழுதியிருக்கும். பிறந்தநாள் மறந்தாலும் மறப்பார்கள், பக்கத்து நாற்காலிக்காரியின் திசு வகை மறக்காது.

அவளுடைய வரிசை மட்டும் காலி.

"எனக்கு ஊசின்னா பயம்" என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொன்னாள். நாள் ஒன்றுக்கு முப்பது பேருக்கு ஊசி குத்துகிறவள் இப்படிச் சொன்னால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? அன்றைக்கு 'முயல்' என்று வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மா, அதாவது ஆய்வகத்தின் தலைவி, அவள்கூட அவசரத்தில் "முயல், அந்த ரிப்போர்ட் எங்கே?" என்றுதான் கேட்பாள். உண்மையில் முயலுக்கு ஊசி பயம் ஒரு துளியும் கிடையாது. அவளுக்குப் பயம் வேறு.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. நான்காவது மாடி வீடு. அப்பா நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஓய்வுபெற்ற பிறகும் கை சும்மா இருக்காது. மாத்திரையோடு வரும் மடித்த காகிதத்தைக்கூட விரித்து, சிவப்புப் பென்சிலால் இரண்டு இடத்தில் சுழித்துவிட்டுத்தான் மாத்திரையை வாயில் போடுவார். முதுகு நன்றாக வளைந்துபோயிருக்கும். எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் தூக்க வேண்டும். குனிந்து குனிந்து பிழை பார்த்ததால் வந்தது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு டாக்டர்தான் சந்தேகப்பட்டுச் சோதனைக்கு அனுப்பினார். பி-27 என்ற திசு வகை இருக்கிறவர்களில் சிலருக்கு முதுகெலும்பு இப்படி இறுகிப்போகும். அப்பாவுக்கு அது இருந்தது. அந்தச் சோதனையைச் செய்து, 'உண்டு' என்று ரிப்போர்ட்டில் எழுதியவள் அவளேதான்.

அவளுக்கும் இருபத்தைந்து வயதிலிருந்து காலையில் முதுகு பிடித்துக்கொள்ளும். எழுந்து சுவரைப் பிடித்து அரைமணி நேரம் நடந்தால்தான் நிமிர முடியும். தினமும் பத்துப் பேருக்கு இந்தச் சோதனையைச் செய்கிறவள், அப்பாவின் ரிப்போர்ட்டைத் தன் கையால் எழுதியவள், தனக்கு ஒரு தடவை செய்து பார்ப்போம் என்று நினைக்கவே இல்லை. செய்தால் ரத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வழக்கப்படி மற்ற சோதனைகளும் நடக்கும். வலியே தேவலை என்று இருந்துவிட்டாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அந்தத் தெருவிலுள்ள ஏழு கட்டடங்களின் லிஃப்ட்டும் அவன் பொறுப்பு. அதே கட்டடத்தின் தரைத்தளத்தில், லிஃப்ட்டுக்குப் பக்கத்து ஒற்றை அறையில் தனியாக இருந்தான். கலகலப்பான ஆள். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் வெளியே நின்றபடி கதை பேசிப் பேசியே பயத்தைப் போக்கிவிடுவான்.

அவன் கண் மஞ்சளாக ஆரம்பித்தது ஐந்து வருஷத்துக்கு முன்னால். எப்போதும் அசதி. ஒரு உறவினர் வீட்டு விருந்தில், எல்லோர் முன்னாலும் வாந்தி எடுத்துவிட்டு, மூன்று நாற்காலியை ஒட்டிப் போட்டுப் படுத்துத் தூங்கிவிட்டான். அப்பாவுக்கு மானம் போய்விட்டது.

"எத்தனை நாளா இந்தப் பழக்கம்?"

"அப்பா, நான் ஒரு சொட்டு தொட்டதில்லை."

"என் கண்ணுக்கு எதுவும் தப்பாதுடா. நாப்பது வருஷம் இதே வேலைதான் பாத்தேன்."

அன்றோடு பேச்சு நின்றது. பேச்சு மட்டுமா? "குடிகாரன் கைவச்ச மெஷின்ல நான் கால் வைக்க மாட்டேன்" என்று லிஃப்ட்டையும் விட்டார். எழுபத்தாறு வயதில், வளைந்த முதுகோடு, நான்கு மாடியையும் படியில் ஏறி இறங்க ஆரம்பித்தார். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்குவார். கீழே மகன் அறைக் கதவு திறந்திருந்தாலும் சுவரைப் பார்த்தபடி கடந்து போவார். "இப்ப மூணாவது மாடில நிக்கறாரு, இருமறாரு" என்று சத்தத்தை வைத்தே தம்பி சொல்வான். சொல்லிவிட்டுச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காது.

அவளும் அவனைப் பாதி சந்தேகப்பட்டாள். இதை மறைத்தால் கதை பொய்யாகிவிடும். மருத்துவமனையில் வேலை செய்கிறவள், மஞ்சள் கண்ணுக்கு எத்தனை காரணம் உண்டு என்று தெரிந்தவள். ஆனாலும் குடி என்று நினைப்பது அவளுக்கு வசதியாக இருந்தது. வேறு மாதிரி நினைத்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவள் மனதுக்குத் தெரியும். "ஆஸ்பத்திரிக்கு வந்து ஒருதடவை காட்டேன்டா" என்று சொன்னாள்தான். "வரேன் வரேன்" என்றான். அவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. வயிறு வீங்கி, வேலை செய்யும்போது கட்டும் பாதுகாப்பு பெல்ட் எட்டாமல் போனது. ஆணியை வைத்து அடித்துப் புது ஓட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். அடுத்த ஓட்டைக்கு பெல்ட்டில் இடம் இல்லாதபோதுதான் படுத்தான்.

ஐந்தாவது மாடி வார்டில் சேர்த்தார்கள். மறுநாளே ஸ்கேன். கல்லீரல் கல்லாக இறுகியிருந்தது. அதற்குள் எலுமிச்சை அளவில் இரண்டு கட்டி. வார்டு டாக்டர் அவனிடமே கேட்டார்: "தண்ணிப் பழக்கம் உண்டா?"

"இல்லைங்க. எங்க அப்பாவைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "அப்ப இது குடியால வந்தது இல்ல. ரத்தத்துல வைரஸ் இருக்கு, சி வகை. முப்பது வருஷமாவது உள்ள இருந்திருக்கும். சின்ன வயசுல எங்கயாவது ஊசி போட்டீங்களா? ஒரே ஊசிய ரெண்டு மூணு பேருக்கு?"

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஏழு. கோடை விடுமுறையில் இருவருக்கும் விடாத காய்ச்சல். அப்பா ஒரு கையில் அவளையும் ஒரு கையில் அவனையும் பிடித்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்த கம்பவுண்டரிடம் போனார். தகர டப்பாவில் கண்ணாடி ஊசிக்குழாய் ஒன்று. முதலில் அவளுக்கு, ஏனென்றால் அக்கா அழாமல் போட்டுக்கொண்டால் தம்பியும் அழ மாட்டான். பிறகு பஞ்சால் ஊசியைத் துடைத்துவிட்டு அவனுக்கு. பத்து நாள். அவன் திமிறும்போதெல்லாம் அப்பா கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு இருபத்திரண்டு வயதில், படிக்கும்போது, ரத்ததானம் செய்யப் போனாள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். கல்லீரல் வைரஸின் தடம் இருந்தது. மறுபடி சோதித்தபோது வைரஸ் இல்லை, அது வந்து போன தடம் மட்டும்தான். "உன் உடம்பே அதைத் துடைச்சுப் போட்டுடுச்சும்மா, நல்ல அதிர்ஷ்டம்" என்றார் அந்த டாக்டர். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: "வீட்ல மத்தவங்களையும் பாக்கச் சொல்லு."

அம்மா அந்தக் காகிதத்தை வாங்கி நான்காகக் கிழித்தாள். "கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு. இது வெளியில தெரியவே கூடாது, அப்பாவுக்கும் தெரியக்கூடாது. தம்பிகிட்டயும் மூச்சு விடாதே" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கல்யாணப் பேச்சு வேறு காரணத்தால் முறிந்தது, அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். ஆனால் அந்த வாக்கு மட்டும் அப்படியே இருந்தது. மூன்று மாதம் மாத்திரை தின்றால் இந்த வைரஸ் அடியோடு போய்விடும் என்ற காலம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. அந்த மாத்திரைக்கான சீட்டுகள் அவள் மேஜையைத் தாண்டித்தான் போயின. அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

ஸ்கேன் முடிந்த மறுநாள் காலை, ஆய்வகத்தில் பக்கத்து நாற்காலிக்காரியின் முன்னால் போய் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தாள்.

"அட! முயல் கை நீட்டுது!"

சிரித்தவள், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்தாள். தம்பியின் ரத்தத்தை இவள் அவனிடம் கேட்டே எடுத்துவந்திருந்தாள். "எடுத்துக்கோ, உனக்கு வேற என்ன தெரியும்?" என்றிருந்தான்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. பாதி இருவருக்கும் ஒன்று. மீதிப் பாதி வேறு. அந்த வேறான பாதியில், அவளிடம் பி-27 இருந்தது. அவனிடம் இல்லை.

டாக்டரம்மா இரண்டு காகிதத்தையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தாள். "நாம பி-27ன்னா முதுகு நோய்ன்னுதான் நினைக்கிறோம். அது மட்டும் இல்ல. உடம்புல ஒவ்வொரு செல்லும், உள்ள என்ன நடக்குதுன்னு காட்ட, ஒரு துண்டை எடுத்து வாசல்ல ஒரு தட்டுல வச்சு நீட்டும். காவலுக்குச் சுத்துற செல்கள் அதைப் பாத்துதான் உள்ள திருடன் இருக்கானான்னு கண்டுபிடிக்கும். அந்தத் தட்டோட வடிவம் ஆளுக்கு ஆள் வேற. சில தட்டுல இந்த வைரஸோட துண்டு நல்லா உக்காரும். அதுவும் எந்தத் துண்டு? வைரஸ் தன்னை மாத்திக்கணும்னாலும் மாத்த முடியாத துண்டு. பி-27 அப்படிப்பட்ட தட்டு. வேற தட்டு உள்ளவங்ககிட்ட வைரஸ் வேஷம் மாத்திட்டு உள்ளயே உக்காந்துக்கும். வருஷக்கணக்கா ஈரல் புண்ணாகிப் புண்ணாகி, கடைசில புத்து நோய்."

"அப்ப இதுதான் காரணமா?"

"ஒரு காரணம்னு சொல்லலாம். இதுதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. தட்டு மட்டும் போதாது, இன்னும் எத்தனையோ இருக்கு. இது இல்லாமலும் நாலுல ஒருத்தருக்குத் தானாப் போகுது, இருந்தும் போகாதவங்க இருக்காங்க." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "உன் முதுகைக் கெடுத்ததும் உன் ஈரலைக் காப்பாத்தினதும் ஒண்ணாத்தான் இருக்கும். அப்பாகிட்டேர்ந்து வந்தது."

அன்று மதியம், பார்வையாளர் நேரத்தில், தம்பியிடம் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். தகர டப்பா, ரத்ததானம், அம்மா கிழித்த காகிதம், அந்த டாக்டர் சொன்ன கடைசி வார்த்தை. சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"மாத்திரை எத்தனை நாள் திங்கணும்னு சொன்னே?"

"மூணு மாசம்."

"மூணு மாசம்." அவன் விட்டத்தைப் பார்த்தான். "போ அக்கா. இப்ப போ."

இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. அவள் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அவள் வந்து உட்கார்ந்து, உட்கார்ந்து, திரும்பிப் போனாள். பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று இருபத்திரண்டு வருஷம் கழித்து அவளுக்கு யாரோ காட்டியது போலிருந்தது. மூன்றாவது நாள், திரும்பாமலே கேட்டான்.

"உனக்குக் காலைல முதுகு வலிக்கும்ல, இன்னும் வலிக்குதா?"

"வலிக்குது."

"நல்லா வலிக்கட்டும்."

சொல்லிவிட்டு அவனே லேசாகச் சிரித்தான். அவள் அழுதாள். மன்னித்தேன் என்று அவன் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

"ஒண்ணு செய். அப்பாகிட்ட நான் குடிக்கலன்னு சொல்லு. ஒருதடவை வந்து என்கிட்ட பேசிட்டுப் போகட்டும், அது போதும். கம்பவுண்டர் கதையை மட்டும் சொல்லாதே. அவருதான் கையப் பிடிச்சிருந்தாரு. இந்த வயசுல அதைக் கேட்டா தாங்க மாட்டாரு."

டாக்டர்கள் சொல்லியிருந்த கணக்கில் அவனுக்கு இரண்டு மாதம் இருந்தது. அப்பா மசியாவிட்டால் அவன் குடிகாரனாகவே போய்ச் சேருவான்.

வீட்டுக்கு வந்தாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பரில் சிவப்புப் பென்சிலால் சுழித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்தாள். அவன் குடிக்கவில்லை, ரத்தத்தில் வைரஸ், டாக்டரே சொன்னார் என்றாள். அப்பா பென்சிலை வைத்தார்.

"எப்படி வந்துச்சு?"

"எப்படியோ."

"எப்படியோன்னு எதுவும் வராதும்மா."

அவளுக்குத் தெரிந்ததுதான். ஒரு வரியை மூலத்தோடு ஒப்பிடாமல் விட்ட மனிதரா அவர்? அதனால் தன் பங்கை மட்டும் சொன்னாள். தனக்கும் அது வந்து போனதை, அம்மாவும் தானும் மறைத்ததை, அதனால் அவனுக்கு வைத்தியம் இல்லாமல் போனதை. பழியெல்லாம் தன் மேலேயே விழட்டும் என்று சொன்னாள். சுவர் அட்டவணையில் இப்போது நிரம்பிவிட்ட தன் வரிசையைப் பற்றியும் சொன்னாள்.

"உங்க முதுகு எனக்கு வந்துச்சுப்பா. அது இருந்ததால நான் தப்பிச்சிருக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. உங்ககிட்ட ரெண்டு பாதி இருந்துச்சு. எனக்கு ஒண்ணு போச்சு, அவனுக்கு இன்னொண்ணு போச்சு. அதுல யார் தப்பும் இல்ல."

அப்பா பேப்பரை மடித்து ஓரமாக வைத்தார்.

"உனக்கும் வந்துச்சு, அவனுக்கும் வந்துச்சு" என்றார் மெதுவாக. "ரெண்டு பேரும் சேர்ந்து ஊசி போட்டது ஒரே இடத்துலதான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தகர டப்பா. மூடில ஒரு நசுங்கல் இருக்கும்." அவர் தன் வலது கையை விரித்து, அது என்ன பொருள் என்று தெரியாதவர் போலப் பார்த்தார். "விடுங்கப்பா, விடுங்கப்பான்னு கத்தினான். நான் விடலை."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் பின்னாலேயே ஓடினாள். அப்பா படிக்கட்டுப் பக்கம் திரும்பவில்லை. லிஃப்ட் வாசலில் போய் நின்றார். பொத்தான் எங்கே இருக்கிறது என்பது மறந்துபோயிருந்தது, அவள்தான் அழுத்தினாள். கதவு மூடியதும் வலது கையால் உள்ளே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான்கு மாடியும் இறங்கி முடியும்வரை அழுதார். அவர் அழுது அவள் பார்த்தது அதுவே முதல் தடவை.

வார்டில் அவர் கட்டிலருகே நின்றார். முகத்தைப் பார்க்க வழக்கம்போலக் கழுத்தைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. படுத்திருந்தவன் முகம் அவர் வளைவுக்குச் சரியாக நேரே இருந்தது. கை நீட்டி மகனின் கையைப் பிடித்தார், ஊசி ஏறியிருந்த கையை விட்டுவிட்டு மற்றதை. தப்பு என்று பிறர் எழுத்தில் ஆயிரம் தடவை சுழித்தவருக்குத் தன் தப்பைச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை.

தம்பி அவரைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. அவன்தான் அவருக்கு உதவிக்கு வந்தான், லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு வருவதுபோல.

"படில இறங்கியா வந்தீங்க, இந்த முதுகை வச்சுக்கிட்டு?"

"இல்லப்பா. லிஃப்ட்ல வந்தேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, வேலை சம்பந்தமாகக் கேட்கிற குரலில் கேட்டான்.

"ரெண்டாவது மாடி தாண்டும்போது ஏதாவது சத்தம் வந்துச்சா?"

"இல்ல" என்றார் அப்பா. "ஒரு குறையும் இல்ல."